தனியாக உட்கார்ந்திருக்கும் டாக்டர்களுக்காக

இந்திய மருத்துவச் சங்கத்தில் எங்கள் கிளையின் தலைவர் பொறுப்பை முடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். முன்னாள் தலைவர்களின் பெயர் பொறித்த வில்லைகள் கோத்த பதக்கச் சங்கிலியைக் கழற்றி, புதிய தலைவரின் கழுத்தில் போட்டாயிற்று. கணக்குப் புத்தகம், கூட்டப் பதிவேடு, அலுவலகச் சாவி எல்லாம் கைமாறிவிட்டன. மேடையில் நன்றி சொல்வதற்குத்தான் நேரம் இருந்தது. சொல்ல வேண்டியவர்கள் அத்தனை பேருக்கும் மனதாரச் சொன்னேன். ஆனால் இந்தப் பொறுப்பில் இருந்தபோது எனக்கு உறுதிப்பட்ட ஒரு விஷயம் மேடைப் பேச்சுக்குள் அடங்காது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

சங்கம் எதற்கு என்று இளம் டாக்டர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வெளியில் இருந்து பார்த்தால் ஜூலை 1 மருத்துவர் தினத்தில் நாளிதழில் வரும் ரத்ததான முகாம் படம் தெரியும், அப்புறம் போராட்டம் தெரியும். இரண்டும் வேண்டியதுதான். ஆனால் என்னிடம் கேட்டால், எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் அருமனை, கடையால், கருங்கல், தேங்காய்ப்பட்டணம் பக்கங்களில் ஒற்றை ஆளாகக் கிளினிக் நடத்தும் டாக்டர், சந்தேகம் வந்த நொடியில் இன்னொரு டாக்டரைப் பிடித்துப் பேச முடிய வேண்டும். முதலில் அதற்குத்தான் சங்கம். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

கன்னியாகுமரி சின்ன மாவட்டம். வரைபடத்தில் பார்த்தால் எல்லாமே பக்கம் பக்கமாகத் தெரியும். ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மேற்கே விளவங்கோடு பக்கத்து ஆட்களுக்குத் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் எட்டும் தூரம்தான். எனவே இங்கே எவரும் தனியாக இல்லை என்று தோன்றலாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, மழையில் கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும் பத்துப் படுக்கை ஆஸ்பத்திரியில், ஒரு நர்ஸை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கும் டாக்டரிடம் போய் இதைச் சொல்ல முடியாது. அவர் முன்னால் மூச்சு வாங்கும் நோயாளி. பின்னால் கதவருகே நோயாளியின் அண்ணன், மைத்துனர், பங்காளிகள். எடுக்கும் முடிவு அவருடையது மட்டும்.

இந்த மண்ணின் மருத்துவ வரலாறே ஒற்றை ஆட்களின் வரலாறுதான். 1838இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். நாகர்கோவிலில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியின் கதை, இரட்சணிய சேனையின் ஹாரி ஆண்ட்ரூஸ் ஒரு குளியலறையில் மருந்துகளை அடுக்கி வைத்து ஆட்களைப் பார்த்ததில் இருந்து ஆரம்பிக்கிறது. அதற்கப்புறம் சோமர்வெல். 1922 எவரெஸ்ட் பயணத்தில் போன ஆங்கிலேய அறுவை மருத்துவர். மலையிலிருந்து இறங்கியவர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி நெய்யூருக்கு வந்தார். வெளியே ஓயாத கூட்டம். உள்ளே அத்தனை பேருக்கும் ஒரே அறுவை மருத்துவர். அதைப் பார்த்தவருக்கு லண்டன் வாழ்க்கை வேண்டாம் என்றாகிவிட்டது. ஊருக்குப் போய்விட்டு நெய்யூருக்கே திரும்பி வந்தார். பல பத்தாண்டுகள் இங்கே வயிற்று அறுவை செய்து, கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில் பாடம் நடத்தினார்.

சோமர்வெல்லைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் எவரெஸ்டைப் பேசுவார்கள். எனக்கு அவர் நெய்யூர் வாசலில் நின்று பார்த்த காட்சிதான் பெரிதாகத் தெரிகிறது. ஒரு டாக்டர் தனியாகத் தவிப்பதை இன்னொரு டாக்டர் பார்த்துவிட்டார், கூட வந்து நின்றுவிட்டார். ஒரு சங்கம் செய்ய வேண்டியதை 1922இல் ஒரு ஆள் செய்திருக்கிறார்.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் கூட்டங்களில் அதிகம் பேசப்பட்ட விஷயம் அது. நான் சொல்ல வருவதும் அதில்தான் தெளிவாகப் புரியும்.

எங்கள் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு விடியுமுன்னே தொடங்கும் வேலை. குளிர்ச்சியில்தான் ரப்பர் பால் நன்றாக இறங்கும்; வெயில் ஏறினால் நின்றுவிடும். எனவே இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடப்பார்கள். வெளிச்சம் கண் மட்டத்தில் மரப்பட்டை மேல் விழும், காலடியில் விழாது. கீழே காய்ந்த இலை. அதற்குள் என்ன கிடக்கிறது என்று மிதித்த பிறகுதான் தெரியும்.

அப்படி ஒரு விடியற்காலையில் மலையோரக் கிளினிக்கில் இருந்து ஒரு இளம் டாக்டர் கூப்பிட்டார். "அக்கா, பால்வெட்டுற ஆளு. கால்ல ஏதோ கடிச்சிருக்கு. பாம்பை யாரும் பார்க்கல. சின்னக் கீறல் மாதிரிதான் இருக்கு, வீக்கமும் பெருசா இல்ல. மருந்து போடவா, அனுப்பவா?"

இந்த இடத்தில் உதவுவது ஒரு கண்ணாடிக் குழாய். நோயாளியின் ரத்தத்தை இரண்டு மில்லி எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் இருபது நிமிடம் நிற்க வைக்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் ரத்தம் உறைகிறது. தண்ணீர் மாதிரி ஓடினால் விரியன் விஷம் உடம்பில் ஏறிவிட்டது. ஸ்கேன் வேண்டாம், மிஷின் வேண்டாம், செலவே கிடையாது. ஆனால் குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். ரத்தம் உறையத் தொடங்குவதற்குக் கண்ணாடியின் பரப்பு தூண்டுதலாக இருக்கிறது. பிளாஸ்டிக்கில் அந்தத் தூண்டுதல் கிடைக்காது, எனவே நல்ல ரத்தமும் அந்த இருபது நிமிடத்துக்குள் உறையாமல் போகலாம். சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியும் ஆகாது. ஒன்றுமில்லாதவருக்கு விஷமுறிவு மருந்தை ஏற்றும்படி ஆகிவிடும்.

இன்றைக்குச் சின்ன ஆஸ்பத்திரிகளில் இருப்பதெல்லாம் பிளாஸ்டிக் குழாய்தான். அவரிடமும் அதுதான் இருந்தது. நல்லவேளையாக அந்தப் பக்கத்திலேயே பல வருடங்களாகப் பிராக்டிஸ் செய்யும் ஒரு சீனியரிடம் கண்ணாடிக் குழாய் இருந்தது. சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் கேட்டதும் அவர் மகனிடம் ஸ்கூட்டரில் கொடுத்தனுப்பினார். இளம் டாக்டர் இரண்டு குழாயில் ரத்தம் எடுத்தார். ஒன்றில் நோயாளியின் ரத்தம், இன்னொன்றில் கிளினிக் கம்பவுண்டரின் ரத்தம். கம்பவுண்டரின் ரத்தம் உறைந்தால்தான் குழாயைக் குறை சொல்ல முடியாது. அந்த யோசனை அவருக்கே தோன்றியது. போனை வைக்கவில்லை. இருபது நிமிடத்தில் பாதி நேரம் இருவரும் பேசவே இல்லை. பிறகு, "அக்கா, கம்பவுண்டர் அண்ணனோடது கட்டியா நிக்குது. இவரோடது ஓடுது" என்றார்.

மருந்து கையில் இருந்தது. பயமும் இருந்தது. பாம்பு விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்தில் இருந்து தயாராவது. சிலருக்கு ஏற்ற ஆரம்பித்ததுமே உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் சரியும். அந்த ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலினை ஊசியில் ஏற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். அப்படியே தொடங்கினார். பத்து வயல், அதாவது பத்து மருந்துக் குப்பி, உள்ளே போனது. கூடவே 108 வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த மனிதர் பிழைத்து, நடந்து வந்து டாக்டரைப் பார்த்துவிட்டுப் போனார்.

இதில் நான் செய்தது ஒன்றுமில்லை. முடிவு அவருடையது, கை அவருடையது. மறுமுனையில் ஒருவர் இருந்ததால் மருந்தை ஏற்றாமல் வண்டியில் ஏற்றி அனுப்பும் எண்ணத்தை அவர் விட்டார். விரியன் கடியில் கடிபட்ட இடத்துக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் நடுவில் போகும் நேரம்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. முதல் டோஸ் மலையடிவாரத்திலேயே போட்டால் அந்த நேரம் மிச்சம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் அவரையே பேச வைத்தோம். அதற்குப் பிறகு சங்கச் செலவில் கண்ணாடிக் குழாய்களை மொத்தமாக வாங்கி, மலையோரக் கிளினிக்குகளுக்கு ஒவ்வொரு கட்டாகக் கொடுத்தோம். என் பொறுப்புக் காலத்தில் நடந்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அந்தக் கூட்டத்தில் இன்னொன்றும் பேசினோம். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்குத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையோரத் தோட்டங்களில் மூக்கு தூக்கிய ஒரு சின்னக் குழிவிரியன் இருக்கிறது. அதன் கடியிலும் ரத்தம் உறையாமல் போகலாம், சிறுநீரகம் பழுதாகலாம். இந்த மருந்து அதற்குக் கேட்காது. மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி சென்னை அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுப்பது. ஒரே இனப் பாம்பின் விஷம்கூட ஊருக்கு ஊர் வேறுபடும். எனவே நம் மாவட்டத்துப் பாம்புக்கடிகளை நாமே குறித்து வைக்காவிட்டால், நம் பாம்புகளைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. அந்த அறிவிப்புப் படிவத்தைச் சுமையாகப் பார்க்காதீர்கள் என்று இளையவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன், இப்போதும் சொல்கிறேன்.

விஷ வைத்தியர்களைத் திட்டித் தீர்ப்பவர்கள் எங்களுக்குள் உண்டு. நான் அதில் சேர மாட்டேன். வர்மமும் விஷ வைத்தியமும் இங்கே வீட்டுக்கு வீடு மதிக்கப்படுபவை. அந்த வைத்தியம் செய்யும் ஆசான் சொன்னால் ஊர் கேட்கும். "முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ, பிறகு என்னிடம் வா" என்று அந்த ஆசானே சொன்னால் எத்தனை உயிர் மிஞ்சும். அவர்களைத் தேடிப்போய் உட்கார்ந்து பேசி, போன் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தொடர வேண்டும்.

சின்ன ஊர் டாக்டரால் மருத்துவத்துக்கு என்ன கொடுக்க முடியும் என்று எவராவது கேட்டால் ஹிம்மத்ராவ் பவஸ்கரைச் சொல்லுங்கள். மகாராஷ்டிரத்தில் மஹாட் என்ற சிற்றூரில் பிராக்டிஸ் செய்தவர். கொங்கண் கரையில் செந்தேள் கொட்டிக் குழந்தைகள் இதயம் செயலிழந்து செத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒவ்வொரு நோயாளியின் பக்கத்திலும் உட்கார்ந்து நாடியையும் அழுத்தத்தையும் எழுதி வைத்தார். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். 1980களில் அவர் எழுதியவை லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தன. செத்துக்கொண்டிருந்த குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினார்கள். அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது 2022இல். நம் மாதக் கூட்டத்தில் ஒரு கிராமத்து டாக்டர் தயங்கித் தயங்கி எழுந்து "எங்க பக்கத்துல இப்படி ஒண்ணு பார்த்தேன்" என்று தொடங்கும்போது, தயவுசெய்து எவரும் செல்போனைப் பார்க்காதீர்கள்.

மாதக் கூட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். அது மெதுவாக ஹோட்டல் ஹாலுக்கு மாறிக்கொண்டிருந்தது. குளிர்சாதன அறை, பஃபே, வாசலில் மருந்துக் கம்பெனி பேனர், வெளியூரில் இருந்து வந்த ஒருவர் ஒரு புது மாத்திரையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவது. மருந்துக் கம்பெனிகளிடம் டாக்டர்கள் பரிசு, பயணச்செலவு வாங்கக் கூடாது என்று 2009இலேயே மருத்துவக் கவுன்சில் விதி போட்டது. 2024 மார்ச்சில் மத்திய அரசும் கம்பெனிகளுக்கு நடத்தை விதிகளை வெளியிட்டது. விதிகள் ஒருபுறம் இருக்கட்டும். அந்த மாதிரிக் கூட்டத்தில் யாரும் தன் சந்தேகத்தைக் கேட்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. பேசுபவர் பேசுவார், நாங்கள் கை தட்டுவோம், சாப்பிட்டுவிட்டுப் போவோம்.

எனவே ஸ்பான்சர் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். சங்கக் கட்டிடத்தின் அறை, பிளாஸ்டிக் நாற்காலி, டீ, பழம்பொரி. செலவை வந்தவர்கள் பகிர்ந்துகொண்டார்கள். முதலில் முணுமுணுப்பு இருந்தது, கூட்டமும் குறைந்தது. ஆனால் வந்தவர்கள் வாயைத் திறந்தார்கள். கேள்வி கேட்டார்கள், சண்டை போட்டார்கள். ஒருமுறை மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) தின்றுதான் கணையக் கல்லும் சர்க்கரையும் வருகிறது என்ற பழைய கருத்தைப் பற்றிப் பேச்சு வந்து, எட்டு மணிக்கு முடிய வேண்டிய கூட்டம் வாட்ச்மேன் வந்து நின்ற பிறகும் முடியவில்லை. அந்தக் கருத்து பின்னாளைய ஆய்வுகளில் வலுவிழந்துவிட்டது என்று ஒரு பக்கம்; எங்கள் அப்பா காலத்தில் இந்த ஊரில் பார்த்ததை எப்படி மறப்பது என்று சீனியர்கள் இன்னொரு பக்கம். நான் அன்றைக்குப் பட்ட சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. இந்த ஒரு ஏற்பாட்டை மட்டும் கைவிட வேண்டாம் என்று புதிய நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி, பேசப் பிடிக்காவிட்டாலும் பேச வேண்டியது. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் இரவுப் பணியில் இருந்த முதுநிலைப் பயிற்சி மருத்துவர் ஒருவர் 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்லப்பட்டுக் கிடந்தார். ஆகஸ்ட் 17 காலை ஆறு மணி முதல் நாடு முழுக்க, அவசர சிகிச்சை தவிர்த்து மற்ற பணிகளை 24 மணி நேரம் நிறுத்த இந்திய மருத்துவச் சங்கம் (ஐ.எம்.ஏ.) அழைப்பு விடுத்தது. போராட்டத்தை விட, அதையொட்டி எங்கள் பெண் டாக்டர்கள் உட்கார்ந்து பேசியது என்னை உலுக்கியது. கூச்சப்பட்டு இத்தனை வருடமாகச் சொல்லாமல் இருந்ததெல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. இரவு டியூட்டி அறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. கழிப்பறை வராண்டாவின் இருட்டுக் கோடியில். பல்ப் போய் மாதக்கணக்கில் மாற்றவில்லை. ராத்திரியில் மாடிக்குப் போய் வர ஆள் துணை இல்லை.

தாழ்ப்பாளுக்குச் சட்டம் தேவையில்லை. தச்சர் ஒருவர் போதும். உறுப்பினர்கள் நடத்தும் ஆஸ்பத்திரிகளுக்கு நேரில் போய், டியூட்டி அறையைப் பார்த்து, தாழ்ப்பாளையும் விளக்கையும் கேட்டோம். பெரும்பாலும் அந்த வாரமே போட்டுவிட்டார்கள். சில இடங்களில் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருந்தது. இன்னும் மிச்சம் இருக்கிறது.

ஆஸ்பத்திரித் தாக்குதல்களுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008இலேயே சட்டம் வந்துவிட்டது; பத்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அதைப் போர்டு எழுதி வாசலில் மாட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு நோயாளி இறந்து, வெளியே ஆட்கள் சேரும்போது, உறவினர்களை ஓர் அறையில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நடந்ததை முதலில் இருந்து பொறுமையாகச் சொல்வதற்கு அந்த ஆஸ்பத்திரியைச் சேராத ஒரு சீனியர் அங்கே இருந்தால் நிலைமை மாறிவிடுகிறது. இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படிக் கூப்பிட்டதும் கிளம்பி வரும் சீனியர்கள் எங்கள் கிளையில் இருக்கிறார்கள். தங்கள் கிளினிக்கை மூடிவிட்டு வருவார்கள். அவர்கள் பெயரை நான் எழுதினால் கோபித்துக்கொள்வார்கள்.

பத்துப் படுக்கை, பதினைந்து படுக்கை ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். கணவனும் மனைவியுமாக டாக்டர்கள் இருந்து, கீழே ஆஸ்பத்திரி மேலே வீடு என்று நடந்தவை. பிள்ளைகள் படித்து வெளிநாட்டில் இருக்கிறார்கள். உரிமம், தீயணைப்புச் சான்று, மருத்துவக் கழிவுக்கான ஒப்பந்தம் என்று ஒவ்வொன்றும் தேவையான விதிதான். ஆனால் இருநூறு படுக்கைக்காரருக்கு அதற்கென்று ஒரு அலுவலகம் இருக்கிறது, பத்துப் படுக்கைக்காரர் ஓ.பி. முடிந்து ராத்திரியில் தானே உட்கார்ந்து படிவம் நிரப்புகிறார். சங்கம் ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்து இந்தக் காகித வேலையைச் சின்னவர்களுக்குச் செய்து கொடுக்க வேண்டும் என்று முன்மொழிந்தேன். பணம் போதவில்லை. புதிய பொருளாளர் வழி கண்டுபிடிப்பார் என்று நம்புகிறேன்.

கடைசியாக, முடிக்காமல் ஒப்படைக்கும் ஒரு வேலை. நம் மாவட்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்து இன்னொன்றுக்கு நோயாளியை அனுப்பும்போது கொடுக்கும் ரெஃபரல் கடிதம். பாதிக் கடிதங்களில் ஒரே வரிதான் இருக்கிறது, மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது என்று. எத்தனை மணிக்குக் கடித்தது, சோதனை எத்தனை மணிக்குப் பார்த்தோம், ரத்தம் உறைந்ததா இல்லையா, எத்தனை வயல் போட்டோம், அடுத்த சோதனை எப்போது என்று எதுவும் இருக்காது. அங்கே டியூட்டியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன் எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்குவார். மாவட்டம் முழுக்க எல்லோரும் பயன்படுத்த ஒரே படிவம், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல், தயாரித்துக்கொண்டிருக்கிறோம். பாம்புக்கடிக்கு ஒன்று, நெஞ்சுவலிக்கு ஒன்று, பிரசவத்துக்கு ஒன்று. கடைசி வரைவு செயலாளரிடம் இருக்கிறது.

அதில் அடியில், அனுப்பும் டாக்டரின் கைபேசி எண்ணுக்கு ஓர் இடம் விட வேண்டும் என்று நான் கேட்டேன். எதிர்ப்பு வந்தது. நாளைக்கு வழக்கு என்று போனால் அதுவே சாட்சியாகிவிடும், உறவினர்கள் நேரம் காலம் பார்க்காமல் கூப்பிடுவார்கள் என்றார்கள். அவர்கள் பயத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. உறவினர் கையில் போகும் பிரதியில் எண்ணை மறைத்துவிடலாம் என்று ஒரு யோசனை சொன்னேன், பேசி முடிவெடுக்கவில்லை. வாங்கும் டாக்டரும் அனுப்பிய டாக்டரும் இரண்டு நிமிடம் பேசிக்கொள்ள முடிகிற ஒரு படிவம்தான் எனக்கு வேண்டும். எண்ணுக்கான அந்தக் கட்டம் இல்லாமல் அதை அச்சுக்குக் கொடுக்காதீர்கள் என்று புதிய தலைவரிடம் நேரிலும் கேட்டிருக்கிறேன். அடுத்த செயற்குழுவில் அதை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நானும் உறுப்பினராக வந்து பின்வரிசையில் இருப்பேன், கை தூக்கிப் பேசுவேன்.